பதினைந்து வயதுக்கு ஒரு புத்தகம்

புத்தகம் பரிந்துரைப்பது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் பெரும்பாலும் மாமாக்களின் தொழில். முதலீடு வேண்டாம். பரிந்துரைக்கும் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான் என்று காதில் விழுந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பிரியாணிக்குக் காத்திருக்கும் நேரத்தில், "என்னாடா, பொன்னியின் செல்வன் படிச்சிட்டியா?" என்று மாமா ஆரம்பித்துவிடுவார். 1950-ல் கல்கி இதழில் தொடங்கி ஐந்து பாகமாக வளர்ந்த அந்த நாவலில் மாமா எந்தப் பாகம் வரை போனார் என்று திருப்பிக் கேட்பது மரியாதையாகாது. 2022-லும் 2023-லும் படம் வந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஐந்து பாகமும் இரண்டு டிக்கெட்டில் முடிந்துவிட்டது.

மாமா பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. வந்தியத்தேவன் இந்தப் பக்கத்துப் பிள்ளை. வாணர் குலத்தின் திருவல்லம் காட்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சொந்த ஊரில் ஒன்றும் மிஞ்சாமல், பரம்பரைப் பெருமையும் ஒரு குதிரையுமாகக் கிளம்பி, அடுத்தவர் கொடுத்த ஓலையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிறான். சாம்பிள் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை ரயிலைப் பிடிப்பவர்களுக்கு அவன் சக ஊழியன் மாதிரி.

மாமாவுக்கு அடுத்தபடி பரிந்துரைப்பது பள்ளி ஆண்டு விழா. பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வரும் என்று நம்பி மேடையேறும் பிள்ளையின் கையில் மு.வ.வின் கடித நூல் வந்து சேரும். பையன்களுக்குத் 'தம்பிக்கு', பெண்களுக்குத் 'தங்கைக்கு'. வீட்டில் சொல்ல மறந்த அறிவுரை ஏதாவது இருந்தால் அங்கே கிடைக்கும். அதே மு.வ. எழுதி, 1961-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'அகல் விளக்கு' மேடைக்கு வருவதே இல்லை. வாலாஜாப்பேட்டையில் சேர்ந்து வளரும் இரண்டு பையன்களின் கதை அது. பளிச்சென்று எரியும் சந்திரன் ஒரு பக்கம், நிதானமாக நின்று எரியும் வேலய்யன் ஒரு பக்கம். அறிவுரை இதிலும் உண்டு. ஆனால் நடுவில் கதை இருப்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

பிரச்சினையின் வேர் அலமாரியில் இருக்கிறது. எஸ்.இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-ல் வெளியானது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் 'இளையோர் நாவல்' என்று தனி அலமாரியே போட்டுவிட்டார்கள். தமிழ்க் கடைகளில் சிறுவர் பகுதியில் முயல் தந்திரம் செய்துகொண்டிருக்கும். அடுத்த அலமாரியில் பெரியவர்கள் வாழ்வின் பொருளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நடுவில் உள்ள ஆறு வருடத்துக்குக் கோனார் உரை. தமிழ்நாட்டின் இளையோருக்கு மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்படும் அபுனைவு நூல் அதுவாகத்தான் இருக்கும்.

புத்தகங்கள் இல்லாமல் இல்லை, பெரியவர்கள் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பூமணியின் 'வெக்கை' (1982) அதற்கு நல்ல சாட்சி. பதினைந்து வயதுச் சிதம்பரம் அண்ணனுக்காகப் பழி தீர்த்துவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் ஓடுகிற கதை. பதினைந்து வயது வாசகனுக்கு இதைவிட நேரான அழைப்பு கிடையாது. 2019-ல் அது 'அசுரன்' படமானபோது கதை அப்பாவின் கைக்குப் போய்விட்டது. கால்ஷீட் கொடுத்தவர் தனுஷ் என்றால் பையன் என்ன செய்வான்?

இரா. நடராசனின் 'ஆயிஷா'வைக் கேள்வி கேட்கும் பெண்ணுக்குக் கொடுக்கலாம். கேள்வியே பிடிக்காத ஆசிரியருக்குக் கட்டாயம் கொடுக்கலாம். ஆம்பூரில் பஸ் ஏறினால் வேலூர் வருவதற்குள் முடிந்துவிடும். ஜன்னலோர இருக்கை நல்லது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வசதி. பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' இந்த மண்ணின் தலித் வாழ்வை வெளியூர்க் கண்ணாடி போடாமல் பார்க்கிறது. தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய பெரிய நாவல் மட்டும் ஆம்பூரில் பிறக்கவில்லை. டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல்லில் நடக்கிறது. 2012-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சரக்கு இங்கே, நாவல் அங்கே. ஜப்பானிலிருந்து வந்த 'டோட்டோ-சான்' ஜோலார்பேட்டை வரை செல்லுபடியாகும். ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிறது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிசயமில்லை. எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்ததுதான் அதிசயம்.

அபுனைவில் இந்த வட்டாரம் பணக்கார வட்டாரம். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் சீர்செய்தவர். வலி தெரியாத கால், காயம் பட்டாலும் நடந்துகொண்டே இருக்கும் என்பதைக் கண்டு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வரை போனார். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-ல் அவர் எழுதிய நூல், வலியை யாரும் கேட்டு வாங்காத பரிசு என்கிறது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில், செருப்பைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதரை இன்னும் எந்த மாமாவும் பரிந்துரைத்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று கடையில் கிடைக்காது: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்று அது கணக்குச் சொல்கிறது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதையும் எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்பு. மர்ம நாவலில் குற்றவாளி யார் என்று தேட வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. தாத்தாவின் கிணறு உப்பானது, அப்பாவின் சம்பளம் டேனரியிலிருந்து வந்தது. வாசகர் இரண்டு தரப்பு வீட்டுக்கும் பிள்ளை.

இவற்றை வாங்கக் காசில்லை என்ற பேச்சு எடுபடாது. 1948-ம் ஆண்டு மதராஸ் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. பணம் கட்டியாயிற்று, சரக்கை எடுக்கவில்லை. இந்தத் தொகைக்குத் தோல் வந்திறங்காமல் இருந்திருந்தால் தோல் மண்டிக்காரர் அன்று ராத்திரியே ஆள் அனுப்பியிருப்பார்.

கடைசிக் கட்டம் இரவல். கொடுத்த புத்தகம் திரும்பி வருவது அபூர்வம். வந்தால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயின் எண்ணெயும் கூடவே வரும். படித்தாயா என்று கேட்க வேண்டியதில்லை. கறை எந்தப் பக்கத்தோடு நிற்கிறதோ, அதுவரை படித்திருக்கிறார்கள். 'வெக்கை'யில் அது கடைசிப் பக்கம் வரை போகும். மாமாவின் வீட்டுப் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்திலிருந்து வெள்ளை வெளேரென்று இருக்கும்.