வாடகை குடுக்காத குடித்தனம்

வாப்பா பேராண்டி, சென்னையிலேர்ந்து எப்ப வந்தே? தளவானூர்லயே உன் வூடு மாதிரி இல்லன்னு பேசிக்கிறாங்க. தரையில மொகம் தெரியுது, குளிக்கிற ரூம்பு எங்க கூடத்தவிடப் பெருசு. பொங்கலு, தீவாளிக்கு மட்டும் பூட்டத் தெறக்குறே. ‘வாடகைக்கு ஆளு கெடைக்கல’ன்னு பொலம்புனியாமே? உன் குழாய்க்குள்ள ஆளு வந்து எத்தினியோ நாளாச்சு. வாடகை மட்டுந்தான் குடுக்கல.

நம்ம பாறையக் கொடைஞ்சு சத்ருமல்லேஸ்வரம் எடுத்தானே மகேந்திரவர்மன், அவன் மண்டகப்பட்டுல செங்கல்லு, மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாம கோயில் எடுத்தேன்னு கல்லுல எழுதி வச்சான். உன் குழாய்க் கிருமிக்கு உளிகூட வேணாம். நாலு பேரு செவுத்துல ஒட்டுவான், ஒடம்புலேர்ந்து கொழகொழன்னு ஒண்ண விடுவான், அதுவே அவனுக்கு வூடு. படிச்சவங்க உயிர்ப்படலம்ங்கறாங்க. குடிதண்ணிக் குழாய்ல இருக்குற கிருமியில 100-க்கு 95 பங்கு செவுத்துலதான் குந்தியிருக்குமாம். நீ டம்ளரத் தூக்கி வெளிச்சத்துல பாத்து, ‘பளிங்காட்டம் இருக்கு தாத்தா’ங்கறே. பாரு, நல்லாப் பாரு.

அவங்களக் கொறையில்லாம வச்சிக்க நான் வழி சொல்றேன். மொதல்ல, வூட்டப் பூட்டிட்டுப் போயிடு. பஞ்சாயத்துத் தொட்டியில பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் தண்ணி விடுவாங்க. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது குழாய் முனையில மிஞ்சணும்னு இந்திய தர நிர்ணய அமைவனம் சொல்லுது. மாசக்கணக்குல நின்ன தண்ணியில அது எங்க மிஞ்சும்? ரெண்டாவது, மாடி டேங்கி மூடியத் தெறந்தே போடு. அழுக்கு விழுந்தா அவங்களுக்குச் சோறு. சித்திரை வெயில்ல தண்ணி வெதுவெதுன்னு ஆவட்டும். 25-லேர்ந்து 45 டிகிரி சூடுன்னா லெஜியோனெல்லாங்கற கிருமிக்குக் கொண்டாட்டம். ஷவர் சாரலோட அது மூச்சுல போனா நிமோனியா வரலாம். மூணாவது, பஞ்சாயத்து லைன்லயே மோட்டார் வச்சு உறிஞ்சு. ஒடைஞ்ச எடத்துல இருக்குற சாக்கடையும் சேந்து வரும். தண்ணியோட குழம்பும் கெடைச்ச மாதிரி.

கெழவன் வயித்தெரிச்சல்ல பேசறான்னு நெனைக்காத. கர்நாடகாவுல ஹூப்ளி-தார்வாட்ல சில வார்டுக்கு 24 மணி நேரமும் தண்ணி விட்டாங்க, மத்ததுக்கு முறைத்தண்ணி. ரெண்டையும் சோதிச்சு 2013, 2014-ல எழுதியிருக்காங்க. முறைத்தண்ணியிலதான் கிருமி அதிகம். அதுலயும் தெறந்ததும் வர்ற மொதத் தண்ணி மோசம். சும்மா கெடந்த குழாய்ல தண்ணி பாயுறப்ப செவுத்துல இருக்குறதப் பேத்துக்கிட்டு வருது. நீ அதுலதான பல்லு வெளக்குறே?

பவுடரப் போட்டா செத்துடுவான்னு சொல்றே. ஹாலந்துல லீவன்ஹூக்னு ஒரு துணி யாவாரி, பூதக்கண்ணாடி செஞ்சு தன் பல்லழுக்கையே வச்சுப் பாத்தான். வினிகர்ல பல்லக் கழுவியும் மேல இருந்ததுதான் செத்துது, உள்ள இருந்தது பொழைச்சுக்கிச்சுன்னு எழுதுனான். அது அச்சுல வந்தது 1684-ல. பல்லுல ஒட்டுறதும் குழாய்ல ஒட்டுறதும் ஒரே சோலிதான். மேல் கொழகொழப்பு மருந்த வாங்கிக்கும், உள்ள இருக்குறவன் தூங்குவான்.

எல்லாக் கிருமியும் கெட்டவன் இல்ல, முக்காவாசி சாதுதான். ஆனா வயித்தக் கலக்குறவனும் அவங்க வூட்டுத் திண்ணையிலதான் ஒளிஞ்சிக்கிறான்.

அதனால வந்ததும் எல்லாக் குழாயையும் தெறந்து விடு. அந்தத் தண்ணி வாழைக்குப் போவட்டும். டேங்கியக் காலி பண்ணி மொதல்ல பிரஷ்ஷால தேயி, அப்பறம் பவுடர் போட்டு ஊறவச்சு அலசு. மூடியப் போடு. ஷவர் மூக்கக் கழட்டிக் கழுவு. லைன்ல வச்ச மோட்டாரக் கழட்டு. குடிக்கிற தண்ணி தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்கட்டும்.

இதெல்லாம் முடியாதுன்னா, போறதுக்குள்ள அவங்களுக்கு ஒரு ரேஷன் கார்டுக்காவது எழுதிக் குடுத்துட்டுப் போ. இத்தினி பேரு இருக்குற வூடு ஊர்லயே உன்னுதுதான்.