பசுமைச் செம்மலுக்குப் பாராட்டுரை

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பணம் ஒதுக்கிய பொருளாளர் அவர்களே! நம் குடியிருப்பிலிருந்து பூமியைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கும் மூன்றாவது பிளாக் அன்பரைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். தினமும் மாநகரப் பேருந்தில் வேலைக்குப் போகிறவனுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. ஒரே வண்டியில் எழுபது எண்பது பேர் தொங்கிக்கொண்டு போகிற கூட்டத்துக்குப் பசுமையைப் பற்றி என்ன தெரியும்? பசுமை என்பது தனியாகப் போவது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது.

அன்பர் வாங்கியிருப்பது ஹைப்ரிட் சொகுசு எஸ்.யூ.வி. விலை கேட்டேன். "ரொம்பல்லாம் இல்ல சார், ஒண்ணு சொச்சம்" என்றார். ஒண்ணு என்றால் கோடி. சொச்சம் என்றால் நம்மில் பலருடைய வீட்டுக்கடன். பின்கதவில் பொடி எழுத்தில் 'ஹைப்ரிட்' என்று ஒரு முத்திரை இருக்கிறது. அந்த முத்திரைதான் வண்டி; மீதி இரண்டரை டன்னும் அதைத் தாங்கிப் போகும் சட்டம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த அந்த ஹைப்ரிட் இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்ற ஹைப்ரிட் கார் விற்பனைக்கு வந்தபோது அது கெட்டிக்காரத்தனமான வேலையாகத்தான் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது வெறும் சூடாகப் போகிற ஆற்றலைப் பிடித்துப் பேட்டரியில் போட்டு வைப்பது, சிக்னலில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவிடுவது, மெதுவாக நகரும்போது மோட்டாரை வைத்து ஓட்டுவது. பத்தடிக்கு ஒருமுறை பிரேக் போட வைக்கும் நம் அண்ணா சாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. சிறிய காரில் மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்தார்கள். மிச்சமாகிறதா, அப்படியானால் இன்னும் ஒரு டன் ஏற்றலாமே என்றார்கள்.

2005-இல் லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். 400எச் வந்தது. பிரிட்டனில் அதன் விளம்பரம் வாங்குபவருக்கு மூன்று வரம் தந்தது: வேகம் அதிகம், புகை குறைவு, குற்ற உணர்ச்சி பூஜ்யம். கிலோமீட்டருக்கு 192 கிராம் கரியமில வாயு விடும் வண்டிக்கு இப்படி ஒரு வாசகமா என்று 2007-இல் அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் அதற்குத் தடை போட்டது. ஆணையத்தாருக்கு வியாபாரம் புரியவில்லை. அவர்கள் உட்கார்ந்து புகையை அளந்துகொண்டிருந்தார்கள். ஷோரூமில் விற்றுக்கொண்டிருந்ததோ மூன்றாவது வரம். அதை அளக்க மானி இல்லை.

அதே பிரிட்டனில், லண்டனில் 2003 முதல் நகர மையத்துக்குள் கார் கொண்டுபோனால் நெரிசல் கட்டணம். 2005-இல் அது நாளுக்கு 8 பவுண்டு ஆனது. பழைய சின்னக் காரில் வேலைக்குப் போனவர் கட்டினார். லெக்ஸஸ் முதலாளி மாற்று எரிபொருள் சலுகையில் கட்டாமல் போனார். புகைக் கட்டணம் இல்லை ஐயா, நெரிசல் கட்டணம்! சாலையில் இடத்தை அடைப்பதற்கான வாடகை! முத்திரை ஒட்டினால் வண்டியின் அகலம் குறைந்துவிடுமா? அங்கே மட்டும்தானா? 2016 ஜனவரியில் தில்லியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று கார்களை முறைவைத்து ஓட்டச் சொன்னபோதும் ஹைப்ரிட்டுக்கு விலக்குத் தந்தார்கள். விதி எந்த ஊரில் எழுதப்பட்டாலும், எழுதுகிறவர் வீட்டு வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறார் போலிருக்கிறது.

நம் அன்பருடையது இன்னும் உசத்தி. பிளக்-இன் ஹைப்ரிட். வீட்டில் செருகி சார்ஜ் ஏற்றலாம். தீர்ந்தால் பெட்ரோல் இருக்கிறது. இந்த ரகத்தின் மைலேஜ் கணக்கைக் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். என்று ஒன்று. 2022 டிசம்பரில் இந்தியாவுக்கு 2.60 கோடி ரூபாய்க்கு வந்தது. எடை 2,700 கிலோவுக்கு மேல். 4.4 லிட்டர், எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். மோட்டாரோடு சேர்த்து 653 குதிரைத்திறன். அப்போதைய சான்றிதழின்படி 100 கிலோமீட்டருக்கு இது குடித்தது 1.5 முதல் 1.6 லிட்டர். அதாவது லிட்டருக்கு 60 கிலோமீட்டருக்கு மேல்! நமக்குப் பால் போடும் தம்பி காதில் இது விழுந்தால் தன் ஸ்பிளெண்டரைக் கிணற்றில் தள்ளிவிடுவார்.

இந்த அற்புதம் நிகழ்வது சோதனைக்கூடத்தில். பேட்டரியை முழுக்க நிரப்பி ஒருமுறை ஓட்டுகிறார்கள், தீர்ந்தபின் ஒருமுறை ஓட்டுகிறார்கள். பிறகு, சொந்தக்காரர் நல்லவர், ஒழுங்காகச் சார்ஜ் போடுவார், பெரும்பாலும் மின்சாரத்தில்தான் ஓட்டுவார் என்று ஒரு நம்பிக்கையை எடுத்துப் பெருக்கலில் சேர்த்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடையில் கைரேகை பதியவில்லை என்று கிழவியைத் திருப்பி அனுப்பும் உலகத்தில், கோடீஸ்வரரின் நல்ல குணத்துக்கு அத்தாட்சி கேட்காமல் கணிதத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை என்ன ஆயிற்று? 2021-இல் பதிவான வண்டிகளில் பொருத்தியிருந்த மானிகளைப் படித்துப் பார்த்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழில் சொன்னதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகமாக வெளியேற்றியிருந்தன. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சராசரியாக 3.5 மடங்கு. பிரிட்டனில் நிறுவனங்கள் தம் அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த வண்டிகளில் சிலவற்றைத் திறந்தபோது சார்ஜிங் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்ததாகச் செய்தி வந்தது. 2018-இல் அந்த அரசு இந்த ரகத்துக்குக் கொடுத்த மானியத்தை நிறுத்தியது. ஏகாதசி விரதம் என்று சோற்றைத் தொடாமல், அதற்கு ஈடாக அடை, உப்புமா, கேசரி என்று மூன்று பந்தி சாப்பிட்டு எழுகிற பக்தரை நாம் பார்த்ததில்லையா என்ன! அவருக்குப் புண்ணியமும் உண்டு, வயிறும் நிறையும்.

இதில் எனக்கு வயிறு எரிவது பேட்டரியை நினைத்தால். அந்த எக்ஸ்.எம்.மில் இருக்கும் பேட்டரி, டாடா டியாகோ மின்காரின் பெரிய பேட்டரியைவிடப் பெரியது. டியாகோவில் அது ஒரு குடும்பத்தையே சுமந்து ஊருக்குப் போய் வருகிறது. இங்கே அதற்கு எடுபிடி உத்தியோகம். அதற்காகப் பூமியைத் தோண்டி லித்தியம் எடுத்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாராட்டு விழாவில் ஒரு நாற்காலியாவது போட்டிருக்கலாம்.

முதல் பிளாக் அன்பர் கோபித்துக்கொள்வார், அவருடையதும் ஹைப்ரிட்தான் என்று. அவருடையது 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட். மோட்டார் உண்டு, அதனால் தனியாக வண்டியை நகர்த்த முடியாது. அவருக்கு அடுத்த ஆண்டு சால்வை.

வரிக்கு வருவோம். போன வாரம் லிஃப்டில் அன்பர் மனம் நொந்து பேசினார். பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லை என்று ஆக்கிச் சனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்களாம், அவருடைய வரிப்பணத்தில். உண்மைதான், 2021-இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் காசு கொடுக்காமல் போகிறார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு நின்றுகொண்டே வீடு திரும்பும் சோம்பேறிகள். ஜி.எஸ்.டி. வந்த 2017-இன் செப்டம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரை என்ன நடந்தது என்பதையும் அதே லிஃப்டில் பேசியிருக்கலாம். பெரிய எஸ்.யூ.வி.க்கு வரியும் செஸ்ஸுமாக 50 சதவீதம். ஹைப்ரிட் முத்திரை இருந்தால் 43. அடிப்படை விலை 1 கோடி என்றால் 7 லட்சம் கழிவு. 5 ரூபாய் டிக்கெட் என்று வைத்தால் 1,40,000 டிக்கெட். அந்தப் பாத்திரம் தேய்க்கும் அம்மா எத்தனை பிறவி எடுத்து அத்தனை தடவை ஏறி இறங்குவது? ஆனால் இவருக்குக் கிடைத்தால் ஊக்கம். அந்த அம்மாவுக்குக் கிடைத்தால் இலவசம். 2025 செப்டம்பர் 22-இலிருந்து, மின்கார் தவிர்த்துப் பெரிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே 40 சதவீதம் என்றாயிற்று. முத்திரை இல்லாதவருக்கும் குறைந்தது, முத்திரை உள்ளவருக்கும் குறைந்தது, சமத்துவம் வந்துவிட்டது. போகிற போக்கில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2019 முதல் மின்கார் எத்தனை கோடியானாலும் 5 சதவீத வரி, சொட்டு எண்ணெய் குடிக்காத மிதிவண்டிக்கு 12. ஆறு ஆண்டு அப்படியே இருந்தது. மிதிவண்டி ஓட்டுகிறவன் தில்லியில் விருந்து வைத்து மனு கொடுக்கிறவன் இல்லையே.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அநியாயம் என்கிறார் அன்பர். வரி குறைவான புதுச்சேரியில் ஒரு நண்பர் விலாசம் இருக்கிறதாம். விசாரித்தாராம். பொறுமை, ஐயா. 2017-இல் கேரளத்தில் திரை நட்சத்திரங்களே அந்த விலாச விளையாட்டில் மாட்டி வழக்குக்கு அலைந்தார்கள்.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்பரின் டிரைவர் அண்ணன். ஹைப்ரிட் பேட்டரிக்குச் சூடு ஆகாது. உயிர் சீக்கிரம் போய்விடும். ஆகவே அதற்குக் குளிரூட்டல் உண்டு. சில வண்டிகளில் பின்சீட்டு ஓரத்துத் துளைவழியாக உள்ளே இருக்கும் ஏ.சி. காற்றையே உறிஞ்சி அதற்கு ஊட்டுகிறார்கள், சிலவற்றில் ஏ.சி.யின் குளிர்பொருளே குழாய்வழியாக நேரே போகிறது. அன்பர் மதியம் மூன்று மணிநேரம் மீட்டிங்கில் இருக்கும்போது அண்ணன் உள்ளே உட்கார்ந்து ஏ.சி. போடக்கூடாது என்பது உத்தரவு. பெட்ரோல் வீணாகுமாம், பூமி சூடாகுமாம். அண்ணன் மே மாத வெயிலில் மரத்தடியில் நிற்கிறார். மரத்தைப் போன மாதம் வெட்டிவிட்டதால் இப்போது டிரான்ஸ்ஃபார்மர் அடியில். இந்தத் தேசத்தில் பேட்டரி வெந்துபோனால் லட்சக்கணக்கில் செலவு. டிரைவர் வெந்துபோனால் வேறு டிரைவர்.

பூமி சூடானால் மழை பேயாகக் கொட்டும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். மறு ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் ஏறிவிட்டன. பாடம் கற்றுக்கொண்ட நகரம் என்று பாராட்டினார்கள். கடன் வாங்கி ஒரு சின்னக் காரை வாங்கியவனும் அங்கே நிறுத்தினான், அவனை நான் சொல்லவில்லை. ஆனால் பாலத்தடியில் குடித்தனம் நடத்துகிறவர்களை ஏற்றி வைக்க ஒரு மேம்பாலம் உண்டா? அவர்களில் ஒருவரும் இந்தப் புகையில் ஒரு கிராமுக்குக்கூடப் பொறுப்பில்லை. சான்றிதழ் இல்லாமலே, சோதனைக்கூடம் இல்லாமலே, அவர்களுடைய கணக்கு பூஜ்யம். அவர்களைப் பசுமைச் செம்மல் என்று யார் கூப்பிட்டார்கள்? ஆக்கிரமிப்பாளர்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நிற்க. செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்றைய இரண்டாவது தீர்மானம், பசுமைச் செம்மலின் பார்க்கிங்கில் பொது மீட்டரிலிருந்து சார்ஜிங் பாயின்ட் இழுத்துக் கொடுப்பது. செலவு எல்லா வீட்டு மெயின்டெனன்ஸிலும் பகிரப்படும். இதை நான் எதிர்க்கிறேன். வேண்டுமானால் தன் சொந்த மீட்டரிலிருந்து இழுத்துக்கொள்ளட்டும். முதலில் கேபிளின் உறையைப் பிரிக்கட்டும். அந்தப் பணத்தில் கீழ்த்தளத்தில் டிரைவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு, ஒரு கழிப்பறை என்று திருத்தம் கொண்டுவருகிறேன். கழிப்பறை கட்டினால் தண்ணீர் வீணாகும், சுற்றுச்சூழல் கெடும் என்று ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆட்சேபிக்கிறவர் எழுந்து நின்று, பெயரையும் ஃபிளாட் நம்பரையும் சொல்லிவிட்டு ஆட்சேபிக்கட்டும். மினிட்ஸில் எழுத வேண்டும்.