பி.பி.எஃப். சார்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பி.பி.எஃப். சாருக்கு இருப்புக்கொள்ளாது. ஒன்றாம் தேதி வங்கிக்குக் கணக்கு முடிப்பு விடுமுறை. அடுத்த வேலை நாளில் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே போய்விடுவார். பி.பி.எஃப்., அதாவது பொது வருங்கால வைப்பு நிதியில், ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே கணக்கில் இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஒன்றரை லட்சத்தை ஆறாம் தேதி கட்டினால் 7.1 சதவீதத்தில் ஒரு மாத வட்டி, அதாவது 887 ரூபாய் ஐம்பது காசு, அம்போ. அந்த ஐம்பது காசைத்தான் அவர் அழுத்திச் சொல்வார்.

"மொபைல்லயே கட்டலாமே சார்?"

"சர்வர் மக்கர் பண்ணினா அந்த 887 ரூபாயை நீங்க தருவீங்களா?"

எங்கள் குடியிருப்பில் அவருக்கு இந்தப் பெயர் வந்து ரொம்ப நாளாகிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அரைக்கைச் சட்டை, பையில் எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுத்த பேனா, கையில் யார் கல்யாணத்திலோ வாங்கிய தாம்பூலப் பை. பையில் மணமக்கள் பெயர் பாதி அழிந்திருக்கும். அந்த மணமக்களுக்கே இப்போது பேரன் இருப்பான். மற்றவர்கள் தங்கள் வயசுக் காலத்தைச் சினிமாப் பாட்டால் நினைவில் வைத்திருப்பார்கள். இவருக்கு வட்டி விகிதம். "எங்க கல்யாணம் ஆனப்போ பன்னிரண்டு பர்சென்ட். பையன் வேலைக்குப் போனப்போ எட்டுக்கு வந்துடுச்சு" என்பார். 1986 முதல் 2000 வரை பி.பி.எஃப். பன்னிரண்டு சதவீதம் தந்தது. அவர் வரைக்கும் அது சோழர் காலம்.

காலையில் அவர் வீட்டுப் பால்கனியைப் பார்க்க வேண்டும். கொடியில் துணிக்கு முன்னால் பால் கவர் காயும். கவரை நட்ட நடுவில் வெட்டுவது அந்த வீட்டில் குற்றம். மூலையில் சிறிதாகக் கிள்ளி, பாலைக் கவிழ்த்து, உள்ளே அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் பாலிலேயே சேர்த்து, பிறகு கவரை உள்வெளியாகத் திருப்பிக் கிளிப் மாட்டிவிடுவார். மாதக் கடைசியில் பழைய பேப்பர்க்காரரோடு அந்தக் கவர்களுக்காக அவர் நடத்தும் பேரம் இருக்கிறதே, ரிசர்வ் வங்கிக் கவர்னர்கூட வட்டி விகிதத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

மின்சாரம் அவருக்கு இரண்டு மாதத் தொடர்கதை. 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு. தாண்டிய யூனிட்டோடு நிற்காமல் அதற்கு முந்தைய யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். ஆகவே ரீடிங் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது டார்ச்சோடு கீழே மீட்டர் பெட்டிக்கு இறங்குவார். 480ஐத் தொட்டுவிட்டால் அன்று இரவே அந்த வீட்டில் சீரியல் கிடையாது, மிக்ஸி கிடையாது. சட்னி அம்மியில் வரும். ருசியாகவும் இருக்கும் என்பதை நானே சாப்பிட்டுச் சொல்கிறேன்.

அரசாங்கம் 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்த நாள் முதல் அவர் வீட்டில் பெண் சுதந்திரம் பொங்கி வழிகிறது. காய்கறிக்கு, மருந்துக்கு, பாஸ்புக் என்ட்ரிக்கு எல்லாம் அவர் மனைவிதான் போய்வருகிறார். ஏப்ரல் முதல் வாரத்துக்கு மட்டும் அவர் யாரையும் நம்புவதில்லை.

இப்படி மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்பதுதான் விஷயம். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973இல் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளில் பலவும் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டிவந்தது. எழுபதுகளின் கடைசியில் அப்படி நல்ல நல்ல கம்பெனிகளின் பங்குகள் சல்லிசாகப் பொதுமக்களுக்கு வந்தன. வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த நம் ஆள், நண்பர்கள் ஸ்டீரியோ வாங்கியபோது, கோல்கேட் பங்குக்கு விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. அதற்குப் பின் எத்தனையோ முறை போனஸ் வந்தது, டிவிடெண்ட் வந்தது. ஒரு பங்கைக்கூட அவர் விற்கவில்லை.

ஆனால் வீட்டில் பேஸ்ட் தீர்ந்தால் டியூபை அடியிலிருந்து உருட்டுவார். உருட்டி முடித்ததும் கத்திரியால் குறுக்கே வெட்டி, பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுரண்டுவார். அதில் இன்னும் நாலு நாள் ஓடும். நாட்டில் எல்லோரும் இவரைப் போலப் பல் தேய்த்தால் இவருடைய கம்பெனி என்ன ஆவது? ஒருநாள் கேட்டேவிட்டேன். "அதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே சார்" என்றார், மிகுந்த மரியாதையோடு. என் பிரஷ்ஷில் விளம்பரத்தில் வருவதுபோல் முழு நீளத்துக்குப் பேஸ்ட் வைப்பது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு போன், மூன்று வருஷத்துக்கு ஒரு டி.வி. என்று குடியிருப்பில் யார் எதை மாற்றினாலும் முதலில் வந்து வாழ்த்துகிறவர் அவர்தான். அந்த வாழ்த்தில் பொய்யே கிடையாது. அவர் பங்குதாரர்.

கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அவருக்குத் திருவிழா. நாரத கான சபாவில் கூட்டம் என்றால் ஆண்டறிக்கையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருவார். எழுந்து இரண்டு கேள்வி கேட்பார். பிறகு காபி, டிபன், போகும்போது ஏதாவது பொட்டலம். 2015 ஜூலையில் பங்குதாரர் கூட்டங்களில் அன்பளிப்பு கூடாதென்று விதி வந்தது. அதையும் தாங்கிக்கொண்டார். கொரோனா வந்து கூட்டமே காணொலிக்குப் போனபோதுதான் மனசு விட்டுவிட்டது. "சேர்மன் நல்லாத்தான் பேசறார். காபி எப்படி வரும், ஸ்க்ரீன் வழியாவா?" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் 2012 வாக்கில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டார்கள். அதற்கு முன்பு தேக்கு மரத்தில் போட்டவர்களும் இருந்தார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். அவர் 72ஐ வட்டியால் வகுப்பவர். வரும் விடை, பணம் இரட்டிப்பாக ஆகும் வருஷம். "24 பர்சென்ட்டா? மூணே வருஷத்துல டபுள். அந்தக் கோழிக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மின்விசிறியை அணைத்தார். வந்தவர்கள் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். போட்ட பணம் போன பிறகு அதே ஆட்கள் பெண் கல்யாணத்துக்குக் கைமாற்றுக் கேட்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். கொடுத்தார். வட்டி வாங்கவில்லை. இதை மட்டும் யாரும் கதையாகச் சொல்வதில்லை.

தோற்றது பேரனிடம். அறுபது ரூபாய் ஐஸ்கிரீம் கேட்ட பையனை உட்காரவைத்து, "இதைப் பன்னிரண்டு பர்சென்ட்ல முப்பது வருஷம் விட்டா 1,800 ரூபாய்டா கண்ணா" என்று விளக்கினார். அவன் யோசித்தான். "அப்போ ஐஸ்கிரீம் என்ன விலை தாத்தா?"

தாத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பணவீக்கத்தைப் பையன் தானாகவே கண்டுபிடித்துவிட்டானாம். பேரன் பேரில் பி.பி.எஃப். கணக்குத் தொடங்கத் தாத்தாவுக்கு அனுமதி இல்லை, பெற்றோர்தான் தொடங்க வேண்டும் என்பதால் அன்று ராத்திரியே பெங்களூரிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார். ஐஸ்கிரீம் வாங்கினதாகத் தகவல் இல்லை.

தங்கத்தை மட்டும் அவர் சேர்க்கவில்லை. "அது குட்டி போடாது. செய்கூலி, சேதாரம்னு நுழையும்போதே நஷ்டம்" என்பார். 2025 ஏப்ரலில் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டியது. மறுநாள் காலை பேப்பரைப் பார்த்துவிட்டு, வாங்கின முட்டாள்கள் யார் யாரோ என்று பொதுவாகப் புலம்பினார். அவர் மனைவி உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து வந்தார். எத்தனையோ வருஷமாகப் பதினொரு மாத நகைச் சீட்டு கட்டி, சீட்டு முடிய முடிய எடுத்த காசுகளும் வளையல்களும். எல்லாம் அரைக் கிலோ பருப்புக்கு அவர் எண்ணிக் கொடுத்த பணத்தில் கால் கிலோ வாங்கி மிச்சம் பிடித்தது.

சார் அவற்றை மேஜையில் பரப்பினார். மனசுக்குள் எடை போட்டார், பெருக்கினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எல்லாத்துக்கும் பில் வச்சிருக்கியா?"

"எதுக்குங்க?"

"விக்கும்போது லாபத்துக்கு வரி கட்டணும். வாங்கின விலை தெரிய வேண்டாமா?"

"விக்கறதா இருந்தாத்தானே" என்று அந்த அம்மாள் சுருக்கை இழுத்துக் கட்டினார்.