பிறக்காமல் இருந்த குற்றம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி ஓசூர்க் குழந்தைகள் பெரிய குற்றம் ஒன்றைச் செய்தார்கள். அவர்கள் பிறந்திருக்கவில்லை.

மொழிவாரியாகத் தென்னாட்டைக் கூறுபோட்ட அன்று, தெலுங்கும் கன்னடமும் திண்ணைதோறும் புழங்கிய ஓசூர்ப் பகுதி சென்னை மாநிலத்திலேயே நின்றது. பாட்டன்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஆறுதலுக்கு ஒரு வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அதே ஆண்டு ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்துக்குள் வந்த 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்றது.

கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வாங்கியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். செத்த கிழவனுக்குக் கொடுத்த வாக்கைப் பேரனிடம் நிறைவேற்ற எந்த மடையன் ஒப்புவான்? ஐம்பது வருஷம் பொறுத்திருந்து 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் போட்டோம். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு படியாக ஏறிய அது, 2016-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வந்து நின்றது. எல்லாருக்கும் முதல் தாள் தமிழ். பாட்டி தாலாட்டிய மொழி விருப்பப்பாடம்.

தமிழ்நாட்டில் இருக்கிறவன் தமிழ் படித்தால் என்ன கேடு? ஒரு கேடும் இல்லை. தமிழ் தெரியாமல் தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்க முடியுமா? ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! தமிழாசிரியர்கள் போதவில்லை என்பதையும் சொல்லித்தான் சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றம் ஏறின. சட்டம் இயற்ற ஒரு பிற்பகல் போதும். வாத்தியாருக்கு மாதாமாதம் சம்பளம் அல்லவா அழ வேண்டும்? 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தமிழ்த் தாளிலிருந்து ஓராண்டு விலக்கு வாங்கி வந்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தேர்வு அட்டவணையோடு வழக்குப் பட்டியலையும் பார்த்துப் படிக்கட்டும், பொது அறிவு வளரும்.

கட்டாயம் என்றால் ரத்தம் கொதிக்கிற பரம்பரை நம்முடையது. 1938-இல் ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதை எதிர்த்து நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர்விட்டார்கள். அந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான். அவரிடம் நாம் கற்றுக்கொண்டது கட்டாயம் கூடாது என்பதை அல்ல போலிருக்கிறது. பிரம்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

ஓசூரிலிருந்து கர்நாடக எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி. கன்னட அமைப்புத் தலைவர் வாட்டாள் நாகராஜ் மறியலுக்கு வந்து உட்காரும் இடம். கர்நாடகமும் 2015-இல் கன்னட மொழி கற்றல் சட்டம் இயற்றியது. பெயரைப் பாருங்கள், நம்முடையதன் கூடப் பிறந்த தம்பி. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்காக நாம் கண்ணீர் அறிக்கை விடும்போது, தம்பிக்குச் சிரிப்பு வராதா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வந்தால் தமிழுணர்வு தூங்கப் போய்விடும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்தியில் நோட்டீஸ் ஒட்டினால் அது முதலீடு. பெங்களூர்க்காரனுக்கு மனை விற்க ஆங்கிலத்தில் பலகை நட்டால் வளர்ச்சி. ஓசூரை அடுத்த தளிக்காரப் பையன் கன்னடத்தில் பரீட்சை எழுதினால் மட்டும் செம்மொழிக்கு ஆபத்து!

பேசுகிறவர்கள் கொஞ்சம்பேர்தானே என்கிறீர்களா? 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த மால்டாவின் மக்கள்தொகை அப்போது சுமார் நாலு லட்சம். அவர்கள் மொழியும் ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. ஓசூர்ப் பாட்டனுக்கு அத்தனை பெரிய ஆசை இல்லை. பேரனுக்கு ஒரு வாத்தியார் கேட்டான்.

2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார். டில்லி தாங்கிக்கொண்டது. தளியிலும் வேப்பனப்பள்ளியிலும் ஓய்வுபெறும் கன்னட, தெலுங்கு வாத்தியார் இடத்துக்கு ஆள் எப்போது வரும் என்று சென்னையைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றிய அரசு நிதி தரவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரும்.