அறுந்த நாண்

2004-ல் வேலைக்காக நகோயா போன புதிதில், நான் குடியிருந்த பகுதியின் பொது விளையாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த வில் பயிற்சிக் களத்தில் சேர்ந்தேன். கல்லூரி நாட்களில் மேல்நாட்டு மரவில் எய்த பழக்கம் கொஞ்சம் இருந்தது. அந்த வில்லில், நாணின் எந்த இடத்தில் அம்பு உட்கார வேண்டும் என்று அடையாளம் வைப்பது ஐந்து நிமிட வேலை. அளவுகோலை நாணில் மாட்டி உயரம் பார்த்து, ஒரு சின்னப் பித்தளை வளையத்தை இடுக்கியால் நசுக்கினால் முடிந்தது. அம்பை அதன் அடியில் ஒட்டிச் செருகிவிடலாம். நகோயாவுக்கும் நாலு வளையங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அங்கே கற்றுக்கொடுக்கும் ஆசிரியரைச் சென்செய் என்று அழைப்பார்கள். சென்செய் அந்த வளையங்களை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு தன் துணிப்பையிலிருந்து இரண்டாக அறுந்துபோன பழைய நாண் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்” என்றார். புது நூல் கேட்டு வந்தவனுக்குக் கந்தலைக் கொடுத்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன், ஆனால் மனசு சுருங்கிப்போனது.

ஜப்பானிய வில் ஆளைவிட உயரமானது. வழக்கமான அளவு 221 சென்டிமீட்டர். கைப்பிடி நடுவில் இருக்காது, கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். அம்பை விரல்களால் பிடிப்பதில்லை. தோல் கையுறையின் கட்டைவிரல் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, நாண் அதில் மாட்டிக்கொள்ளும். வில்லைத் தலைக்கு மேல் தூக்கி, நிதானமாக இறக்கிக்கொண்டே இழுக்கிறோம். அவ்வளவு நேரமும் அம்பு நாணை விட்டு நழுவாமல் இருக்க முன்கையின் லேசான முறுக்கு உதவும். அதைத் தவிர இருப்பது அம்பின் பின்முனைப் பிளவு நாணைக் கவ்வும் பிடி ஒன்றுதான். அந்தப் பிடிக்காகத்தான் நாணில் அந்த இடத்தை மட்டும் நார் சுற்றித் தடிப்பாக்குகிறார்கள். அதற்கு நாக்காஜிகாக்கே என்று பெயர்.

நாண் செய்யும் நாரை அசா என்பார்கள், கஞ்சா இனத்துச் செடியின் தண்டிலிருந்து உரிப்பது. பைன் பிசினை எண்ணெயோடு காய்ச்சிய குசுனே என்ற பசையை நாணில் பூசுகிறார்கள். அசா நாண் சில நூறு அம்புகளுக்குள் அறுந்துவிடும். அறுந்த நாணை யாரும் எறிவதில்லை. அதன் இழைகளைப் பிரித்து அடுத்த நாணுக்குச் சுற்றுகிறார்கள். எனக்குக் கிடைத்த கந்தலின் கணக்கு அதுதான். புரிய எனக்கு ஓர் ஆண்டு ஆனது.

சுற்றுவதைப் பார்த்தால் எளிது. இழையில் பசை தடவி, அம்பு உட்காரும் இடத்துக்குச் சற்று மேலிருந்து தொடங்கிக் கீழே இறக்க வேண்டும். டோஹோ என்ற இரண்டு சிறு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து உருட்டி இறுக்க வேண்டும். கையுறை நாணை முறுக்கும் திசையிலேயே சுற்றும் இறுக வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டே வரும். உயரம் குறைந்தால் அம்பு இடக்கையை உரசிக்கொண்டு போகும். என் பெருவிரல் முட்டியில் அந்தக் கீறல் ஒரு குளிர்காலம் முழுக்க ஆறாமல் இருந்தது. தடிமன் கூடினால் அம்பின் பிளவு விரிந்து வெடித்துவிடும். குறைந்தால் நழுவிவிடும்.

நான் பொறியாளன். அம்புப் பிளவின் அகலத்தைக் கருவியால் அளந்து, நாணையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தேன். முதல் தகுதித் தேர்வுக்கு முந்தைய இரவு சுற்றியது அது. பசை உள்ளே காயவில்லை. காய்ந்து சுருங்கினால் தடிமன் குறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேர்வில் இரண்டு அம்புகள் எய்ய வேண்டும். முதல் அம்போடு வில்லைத் தலைக்கு மேல் தூக்கிய நொடியில் அம்பு கழன்று மரத்தரையில் விழுந்து உருண்டது. 28 மீட்டர் தொலைவில் இலக்கு இருக்க, என் அம்பு என் காலடியில் கிடந்தது. இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, ஹசுகோபோரே. எத்தனை பேருக்கு நேர்ந்திருந்தால் அதற்கு ஒரு பெயரே வந்திருக்கும் என்று இன்று நினைத்துக்கொள்கிறேன். அன்று அந்த ஆறுதல் கைக்கு வரவில்லை.

அன்று மாலை சென்செய் என் நாணை விரலால் தடவிப் பார்த்தார். வில்லைக் கிடைமட்டமாகப் பிடித்து, அம்பை நாணில் தொங்கவிட்டார். தன் எடையால் அம்பு விழக் கூடாது, விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். “ஓர் இழை போதவில்லை” என்றார். அளக்கும் கருவியை அதற்குப் பிறகு நான் அந்தக் களத்துக்கு எடுத்துப்போனதில்லை.

இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஜப்பானில் 1948-ல் வந்த சட்டத்தின்படி அசா நார் தரும் செடியைப் பயிரிட உரிமம் வேண்டும். செயற்கை இழைகளும் வந்து சேர்ந்ததில் விளைச்சல் சுருங்கியது. இன்று பெரும்பகுதி விளைவது டோச்சிகி மாநிலத்தில்தான். அசா நாணின் விலை செயற்கை நாணைப் போலப் பல மடங்கு. களத்தில் ஏறக்குறைய எல்லோரும் செயற்கை இழைக்கு மாறிவிட்டார்கள். அசா நாணையே பிடித்துக்கொண்டிருப்பவர்களில் நான் ஒருவன். அது விடுபடும்போது எழும் ஓசைக்காக அந்த விலையைக் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அவசரமாகச் சுற்றினால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்கிறேன்.

சென்செயும் மாறிவிட்டார். எண்பதைத் தாண்டியவர். நாண் அறுந்தால், வில்லின் மேல்முனையைச் சுவரில் பொருத்திய பலகையில் ஊன்றி, முழு பலத்தோடு வளைத்துத்தான் புது நாணை ஏற்ற முடியும். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. செயற்கை நாண் மாதக்கணக்கில் அறுவதில்லை. முதல் நாள் அவர் வில்லில் அந்த வெளுத்த நாணைப் பார்த்தபோது, ஏதோ ஒரு வாக்கை அவர் மீறிவிட்டதைப் போல எனக்குக் கோபமே வந்தது. அவர் தோளைக் கவனித்த பிறகுதான் அது தணிந்தது.

ஆனால் செயற்கை நாணிலும் சுற்றுவதற்கு அவருக்கு அசாதான் வேண்டும். அவர் நாண் அறுவதில்லை, ஆகவே அவர் பையில் பழைய இழையும் இல்லை. போன மாதம் பயிற்சி முடிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். “அறுந்தது ஏதாவது வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

முந்தைய வாரம் அறுந்த நாண் என் பையில் இருந்தது. இரண்டு கையாலும் நீட்டினேன். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, இழை இழையாகப் பிரித்தார். விரல்கள் நடுங்கின, இழை ஒன்றும் சிக்கவில்லை. பாதியை எடுத்துக்கொண்டு மீதியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு என்னிடமே கொடுத்தார்.

“உங்களுக்கும் வேண்டியிருக்கும்” என்றார்.