ராம்போவின் கத்தி

போர்னியோ காட்டில் கூடாரம் போடக் கிளம்பும் வெளியூர் வீரர் முதலில் வாங்குவது ராம்போ கத்தி. முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சி, அடியில் திசைகாட்டி. 1982இல் வந்த முதல் ராம்போ படத்தின் கதை நடப்பதோ அமெரிக்காவின் குளிர்ப் பிரதேச ஊசியிலைக் காட்டில். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

மழைக்காட்டில் வெட்ட வேண்டியவை கொடியும் இளந்தண்டும் மூங்கிலும். அதற்கு நீளமான, முனைப்பக்கம் கனத்த, விளிம்பு மெலிந்த அலகு வேண்டும். தடித்த குட்டைக் கத்தி கொடியைத் தள்ளிவிடும், வெட்டாது. உள்ளூர்க்காரர் இடுப்பில் மர உறையோடு பாராங் என்ற அப்படிப்பட்ட நீளக் கத்தி தொங்கும். பலவும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்தவை. மழுங்கினால் அரம் போதும். துருப்பிடிக்கும், எண்ணெய் தடவுங்கள். திசைகாட்டி கிடையாது, வழி தெரிந்தவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது விமானத்தில் கைப்பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.