கோல்கம்பத்துக்குப் பின்னால் நிற்பவர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையில், ஒன்றுக்கொன்று பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு ஊர்களைப் பற்றி எழுதுவோர், முன்னதற்கு ஆண்டாள் கோயிலையும் பால்கோவாவையும், பின்னதற்குப் பஞ்சாலைகளையும் நாயினத்தையும் குறிப்பிட்டு முடித்துக்கொள்வது வழக்கமாக இருப்பதால், இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒரு மனித வகை எந்த மாவட்டக் கையேட்டிலும் இடம்பெறாமலே போயிற்று. அவர் முன்னாள் கால்பந்து வீரர், இந்நாள் விமர்சகர். தாம் ஒரு காலத்தில் ஆடிய அணியை, அந்த அணியின் காதில் விழக்கூடிய தொலைவில் நின்றுகொண்டு, ஆட்டம் நடக்கும்போதே குறை கூறுபவர் என்று இவ்வகையை வரையறுக்கலாம். காதில் விழாத தொலைவில் நின்று குறை கூறுபவர் வெறும் பார்வையாளர். அவரை ஆய்வில் சேர்க்க வேண்டியதில்லை.

இவ்வகையினரின் வயது ஐம்பத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் இடைப்பட்டது. மில்லிலோ மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ பணி ஓய்வு பெற்றிருப்பார். ஊர் முழுவதும் 'அண்ணாச்சி' என்று அழைக்கும். வீட்டு பீரோவில், சேலைகளுக்கு அடியில், மாவட்ட அணிக்கு ஆடியதற்கான சான்றிதழ் ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதில் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று அச்சிடப்பட்டிருப்பதுதான் அவருடைய வரலாற்றுச் சிக்கல்களில் முதன்மையானது. 1985ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி காமராசர் மாவட்டமாகிப் பின்னர் விருதுநகர் மாவட்டமாகப் பெயர் மாறியது என்பதை அறியாத இளைஞர்கள், சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ராமேஸ்வரம் பக்கமா?" என்று கேட்க, அவர் அந்தக் கேள்விக்குத் தரும் பதில் வழக்கமாக மாவட்டப் பிரிவினையில் தொடங்கி, அணித் தேர்வுக் குழுவினரின் சாதி, ஊர், உறவுமுறை ஆகியவற்றின் வழியாகச் சென்று, இன்றைய அணியின் இடது பின்கள வீரரின் சோம்பேறித்தனத்தில் முடியும்.

வலது முழங்காலில் மடக்க முடியாத வலி ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது என்பதால், முழங்கால் கட்டுக்கு இவருக்குப் பஞ்சம் ஏற்பட்டதில்லை. சட்டென்று வேட்டியை விலக்கிக் கட்டைக் காட்டும் அவசரத்தைக் கொண்டே அவர் முன்கள வீரரா பின்கள வீரரா என்று சொல்லிவிட முடியும். முன்கள வீரர் தம்மை அடித்தவரின் பெயரைச் சொல்வார். பின்கள வீரர் தாம் அடித்தவரின் பெயரைச் சொல்வார்.

மைதானத்தில் அவர் நாற்காலியில் அமர்வதில்லை. அமர்ந்தால் பார்வையாளர் ஆகிவிடுவோம் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். அவருடைய இடம், தம் பழைய அணி காக்கும் கோல்கம்பத்துக்குப் பின்னால், வலை இருந்தால் வலைக்கு மூன்றடி தள்ளி, இல்லாவிட்டால் பந்து வந்து விழும் முட்செடிகளுக்கு முன்னால் ஆகும். பதினொரு பேரில் ஓடித் தப்பிக்க வழியில்லாதவர் கோல் காப்பாளர் ஒருவரே ஆகையால், விமர்சனத்தின் பெரும்பகுதி அவருக்கே போய்ச் சேர்கிறது. "விங்கைத் திறந்து போட்டுட்டு எல்லாப் பயலும் நடுவுல போய் நிக்கானுக பாரு" என்ற வாசகம், விங் என்பது மைதானத்தின் பக்கவாட்டு ஓரம் என்றும், அதைக் காலியாக விடுவது எதிரணிக்கு ராஜபாட்டை அமைத்துக் கொடுப்பதற்குச் சமம் என்றும் விளக்கப்படும் நீண்ட உரையின் தொடக்கமாகும். அந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்ததாலேயே கோல் காப்பாளர் அடுத்த பந்தைத் தவறவிட்டார் என்று அணியினர் கூறுவதும் உண்டு. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது இவரும் மாறுவார். முழங்கால் வலியோடு, வெயிலில், தண்ணீர் பாக்கெட் விற்பவர்களையும் சைக்கிள்களையும் கடந்து, மைதானத்தின் முழு நீளத்தையும் சுற்றி நடந்து, மறுமுனைக் கோல்கம்பத்துக்குப் பின்னால் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இவர், வந்ததும் வராததுமாகக் கேட்கும் முதல் கேள்வி, "ஏன்லே, இன்னும் கோல் போடலையா?" என்பதே.

அவருடைய கோட்பாடு ஒன்றே ஒன்றுதான்: தம் காலத்தில் ஆடியவர்கள் வெறுங்காலோடு, நெருஞ்சி முள்ளில், பசியோடு ஆடினார்கள், இன்றைய பையன்களுக்கு ஸ்டட், அதாவது அடியில் குமிழ் பதித்த காலணி, வாங்கிக் கொடுத்ததிலிருந்துதான் ஆட்டம் கெட்டது. இதற்குச் சான்றாக, 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் மட்டுமே தோற்றதை அவர் எடுத்துக்காட்டுவார். நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் அதே வெறுங்கால்களோடு யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று தோற்றதையும், அதன் பிறகே காலணி கட்டாயமானதையும் அவர் எடுத்துக்காட்டுவதில்லை. வரலாற்றை இவ்வாறு தேவைக்கேற்பப் பயன்படுத்தும் முறையை இவர் மட்டுமே கையாள்கிறார் என்று குற்றம் சாட்டுவதற்கில்லை.

இவர் அடித்த கோல் ஒன்று உண்டு. பல கோல்கள் அடித்திருந்தாலும் பேசப்படுவது அந்த ஒன்றே. அது பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து அடிக்கப்பட்டதாகத் தொடங்கி, ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்து, இன்று நடுக்கோட்டை எட்டியுள்ளது. இத்தகைய வளர்ச்சி எல்லா ஊர்களிலும் காணப்படுவதே. இங்கே வியப்புக்குரியது, அந்தக் கோலைத் தடுக்கத் தவறிய ஸ்ரீவில்லிபுத்தூர்க் காப்பாளர் ஒவ்வொரு புதிய அளவையும் உடனுக்குடன் உறுதிப்படுத்தி வருவதுதான். பெனால்டி விளிம்பிலிருந்து வந்த பந்தை விட்டவர் என்ற பெயரைவிட, நடுக்கோட்டிலிருந்து இடிபோல் வந்த பந்துக்கு இரையானவர் என்ற பெயர் அவருக்கும் கௌரவமானது. எனவே ஒருவர் ராஜபாளையம் ஜவகர் மைதானத்துப் பக்கம் டீக்கடையிலும் மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியிலும் தனித்தனியே சாட்சியம் அளித்தாலும், இருவர் கூற்றும் ஓர் அடிகூடப் பிசகாமல் பொருந்துகின்றன.

விமர்சனத்தின் கடுமை ஆட்டத்தின் தரத்தைப் பொறுத்தது என்று வெளியூரார் எண்ணுவர். உள்ளூரில் சில பருவங்கள் கவனித்தவர்களுக்கு அது நோட்டீசைப் பொறுத்தது என்பது விளங்கும். இப்பகுதிகளில் நடைபெறும் 'மாபெரும் மின்னொளி கால்பந்துப் போட்டி', அதாவது இரவில் விளக்கு வெளிச்சத்தில் நடத்தப்படுவது, பெரும்பாலும் மறைந்த ஒருவரின் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடத்தப்படும். வென்ற அணி ஓராண்டு வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டிய கோப்பை சுழற்கோப்பை எனப்படும். அது திரும்பி வரும்போது ஒரு காது குறைந்திருப்பது மரபு. இதற்கான நோட்டீசில் தலைமை, முன்னிலை, சிறப்பு அழைப்பாளர், வாழ்த்துரை என்று வரிசை அமையும். முன்னிலை என்பது எதுவும் செய்யாமல் மேடையில் அமர்ந்திருக்கும் பொறுப்பு. அண்ணாச்சியின் பெயர் முன்னிலையில் இருந்த ஆண்டில் அணி காலிறுதியிலேயே தோற்றது. "பையன்க நல்லாத்தான் ஆடுனானுக, நடுவர்தான் சரியில்ல" என்றார். பெயர் 'மற்றும் விளையாட்டு ஆர்வலர்கள்' என்ற சொற்றொடருக்குள் கரைந்துபோன ஆண்டில் அணி கோப்பையையே வென்றது, "இதெல்லாம் ஒரு ஆட்டமாடா?" என்று கேட்டுவிட்டுப் பரிசளிப்புக்கு நிற்காமல் போனார்.

இதில் அவருக்கு மிகவும் வலிப்பது தொடக்க உதை. முதல் ஆட்டத்துக்கு முன், ஜெர்சி அணிந்த இரு அணிகளும் வரிசையாக நிற்க, மைக்கில் பெயர்கள் வாசிக்கப்பட்டு, வெள்ளை வேட்டி அணிந்த நன்கொடையாளர் ஒருவர் நடுக்கோட்டுக்கு அழைத்து வரப்படுகிறார். அவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, கழற்றாமலே காலை வீச, பந்து இரண்டு முழம் உருள்கிறது. செருப்பு அதைவிடத் தொலைவில் போய் விழுகிறது. கூட்டம் கைதட்டுகிறது, புகைப்படம் எடுப்பவர் இன்னொரு முறை உதைக்கும்படி கேட்கிறார். கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், அதே நடுக்கோட்டிலிருந்து கோல் அடித்தவர் என்பதை, இன்றைய அளவின்படியாவது, மறந்துவிடக் கூடாது.

இந்த நோட்டீசுக் கோட்பாடு சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆலந்து நாட்டின் யோகான் கிரைஃப், தாம் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் வளர்த்த பார்சிலோனா மன்றத்தின் கௌரவத் தலைவராக 2010 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, நான்கு மாதங்களுக்குள் புதிய நிர்வாகம் அப்பட்டத்தை முறைப்படி இல்லாதது என்று கூறியபோது, அதற்கான சின்னத்தை நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய முதல் அணியான அயாக்ஸ், ரியல் மாட்ரிட்டிடம் 0-2 என்று தோற்றபோது, இது அயாக்ஸே இல்லை என்று தம் பத்திரிகைப் பத்தியில் எழுதினார். டிசம்பருக்குள் அயாக்ஸ் பயிற்றுநர் விலகினார். அடுத்த ஆண்டு கிரைஃப் அம்மன்றத்தின் மேற்பார்வைக் குழுவிலேயே இடம்பெற்றார். டீக்கடையில் பேசியதை அச்சிட ஒரு நாளிதழ் இருந்திருந்தால் ராஜபாளையத்திலும் இத்தகைய விளைவுகள் ஏற்பட்டிருக்கக்கூடும்.

கோட்பாட்டுக்குப் பொருந்தாத சான்றும் உண்டு என்பதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். 2001 மார்ச்சில் பேயர்ன் மியூனிக் அணி லியோனிடம் 0-3 என்று தோற்ற இரவு, விருந்து மேசையில் எழுந்து, இது ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்காக ஆடும் ஆட்டம் என்ற பொருள்படச் சாடிய ஃபிரான்ஸ் பெக்கன்பவர், அப்போது அம்மன்றத்தின் தலைவர். அவருக்கு நோட்டீசில் முதல் வரியே இருந்தது. அதே பேயர்ன் அந்த மே மாதத்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. உலகக் கால்பந்து வரலாற்றில் அண்ணாச்சி ஐயமறக் கற்று வைத்திருக்கும் செய்தி இதுதான். "திட்டுனாத்தான் ஜெயிப்பானுக" என்பதற்கு அவர் காட்டும் ஒரே மேற்கோளும் இதுவே. மான்செஸ்டர் யுனைடெட்டின் ராய் கீனை அவர் காட்டமாட்டார். 2005இல் மிடில்ஸ்பரோவிடம் 1-4 என்று தோற்றபின், அணித்தலைவராக இருந்துகொண்டே மன்றத்தின் சொந்தத் தொலைக்காட்சியில் சக வீரர்களை விளாசிய கீனின் பேட்டி ஒளிபரப்பாகவில்லை. மூன்று வாரங்களுக்குள் அவர் மன்றத்தைவிட்டு வெளியேறினார். இன்று அதே வேலையை வேறு தொலைக்காட்சியில் செய்ய அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் சம்பளமும் இல்லை. தேசிய அணியின் முன்னாள் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா, குறை கூறுவதோடு நில்லாமல், 2022 செப்டம்பர் 2 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்கே போட்டியிட்டார். முன்னாள் கோல் காப்பாளர் கல்யாண் சௌபேவிடம் 33-1 என்று தோற்றார். நாடு முழுவதும் ரசிகர்கள் இருக்க வாக்கு ஒன்று மட்டுமே கிடைத்ததை, நோட்டீசு அச்சிடுபவர்களுக்கும் மைதானத்துக்கு வருபவர்களுக்கும் தொடர்பில்லை என்பதற்கு வலுவான சான்றாகக் கொள்ளலாம்.

நகைப்பை நிறுத்திவைக்க வேண்டிய பெயரும் ஒன்று உண்டு. செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோரோடு சேர்த்து மும்மூர்த்திகளாகப் பேசப்பட்டவர். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைக்க, இவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. நோயால் இருபதுகளிலேயே ஆட்டத்தை விட நேர்ந்த அவர், தாம் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் மன்றத்தின் மீது கொண்ட மனக்கசப்போடு, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் வாழ்ந்து 2023 பிப்ரவரியில் மறைந்தார். குறைபட அவருக்குக் காரணம் இருந்தது. ஊர்தோறும் கோல்கம்பத்துக்குப் பின்னால் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு காரணம் உண்டு என்று எவரும் கேட்டுப் பார்த்ததில்லை, ஏனெனில் கேட்டால் பதில் மாவட்டப் பிரிவினையிலிருந்து தொடங்கும்.

இவருடைய விமர்சனத்தில் பெரும்பகுதி சரியாகவே இருக்கும் என்பது சங்கடமான உண்மை. விங் காலியாகத்தான் கிடக்கிறது. இடது பின்கள வீரர் சோம்பேறிதான். ஆனால் இதையே வேறொருவர் சொன்னால் நிலைமை தலைகீழாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில், பால்கோவாவைச் சர்க்கரை நோய்க்கு அஞ்சிப் பாதியாகக் கிள்ளி, பின்னர் மறுபாதியையும் கிள்ளிக்கொண்டிருந்த பழைய காப்பாளர், "உங்க ஊர்ப் பயலுக இந்த வருசம் ரொம்ப மோசம்" என்று ஒப்புக்குச் சொன்னதற்கு, ராஜபாளையத்து அண்ணாச்சி அந்த இடது பின்கள வீரர் அடுத்த ஆண்டு மாநில அணிக்கே போகப்போகிறார் என்று அடித்துச் சொன்னதோடு, கோபத்தில், அந்தப் புகழ்பெற்ற கோல் பெனால்டி விளிம்பிலிருந்துதான் அடிக்கப்பட்டது என்ற உண்மையையும் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைத்துவிட்டார். இரண்டு ஊர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை சீரடைய ஒரு மழைக்காலம் ஆயிற்று.

இவ்வளவையும் அறிந்துகொண்ட இளைஞர் குழு, ஒருவழியாக, மறு ஆண்டு நோட்டீசில் அண்ணாச்சியின் பெயரை வாழ்த்துரையில் தனி வரியாகப் போட்டு, தொடக்க உதையையும் அவருக்கே அளித்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உதைத்த பந்து, வரிசையில் நின்ற எதிரணிக் காப்பாளரின் தலைக்கு மேலாகப் பறந்து மைக்செட்காரரின் மேசையில் விழுந்தது. வாழ்த்துரை நாற்பது நிமிடம் நீண்டது. ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் தீர்ந்தது. அன்றிரவு அணியைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் நோட்டீசை நிதானமாக விரித்துப் படித்தபோதுதான், தம் பெயருக்கு முன்னால் இனிஷியல் தவறாக அச்சாகியிருப்பதைக் கண்டார்.